நாள் குறித்து வந்த பிள்ளை

மாணவர் பரிமாற்றம் என வழங்கும் ஏற்பாட்டில், 15 முதல் 18 வயது வரையுள்ள பள்ளி மாணவர் ஒருவர் வேறொரு நாட்டுக்குச் சென்று, முன்பின் அறியாத ஒரு வீட்டில் ஒரு கல்வியாண்டு முழுவதும் தங்கி, அவ்வூர்ப் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்புகிறார். அவரை ஏற்று, உண்ண உணவும் உறங்க இடமும் தந்து, வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவராக நடத்தும் வீட்டாரை ஹோஸ்ட் ஃபேமிலி என்பது உலக வழக்கு. தமிழில் ஏற்புக் குடும்பம் எனலாம். ஆண்டின் முடிவில், பெரும்பாலும் ஜூன் மாதத்தில், ஏதோ ஒரு விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசைக்குச் சற்று முன்னால் இவ்விரு தரப்பாரும் பிரிகின்றனர். அப்போது பெருகும் கண்ணீரைப் பார்ப்பவர்கள் அதைப் பதின்பருவத்து மிகையுணர்ச்சி என்று எண்ணிக் கடந்துபோவது இயல்புதான். ஆனால் அழுபவர்களில் பாதிப்பேர் நடுவயதைத் தாண்டியவர்கள் என்பதைக் கவனித்தால், அப்பிரிவுக்குள் ஆராய வேண்டிய ஏதோ ஒன்று இருப்பது புலப்படும்.

அமெரிக்காவுக்குச் செல்லும் பரிமாற்ற மாணவருக்கு ஜே-1 என்னும் விசா வழங்கப்படுகிறது. அதற்கு அடிப்படையான டி.எஸ்.-2019 என்னும் படிவத்தில் திட்டம் தொடங்கும் நாளும் முடியும் நாளும் அச்சிடப்பட்டிருக்கும். முடியும் நாளுக்குப் பின் நாட்டை விட்டுப் புறப்பட 30 நாள் அவகாசம் உண்டு. அதாவது, ஏற்புத் தாய் அப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அது எந்த நாளில் தன்னை விட்டுப் போகும் என்பது ஒரு தாளில் எழுதப்பட்டுவிடுகிறது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு இப்படி ஒரு நாள் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கு நாள் உண்டு, ஆனால் அவர் இரவு உணவுக்குப் பின் அந்த வீட்டுப் பாத்திரங்களைக் கழுவுவதில்லை, மதிப்பெண் குறைந்ததற்குத் திட்டு வாங்குவதுமில்லை. வாடகைக்காரரைப் போல் நாள் குறித்து வந்து, பிள்ளையைப் போல் வாழும் இந்த மூன்றாவது வகை உறவுக்குப் பழைய பெயர் எதுவும் எளிதில் கிடைப்பதில்லை.

சட்டமும் இதனை எங்கே வைப்பது என்று தடுமாறியிருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதிகள் பள்ளி மாணவரை ஏற்கும் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்கின்றன. அக்குடும்பத்தில் வயதுவந்த ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும் என்கின்றன. உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாணவரோடு மாதந்தோறும் தொடர்பு கொள்ள வேண்டும் என்கின்றன. வருமான வரிச் சட்டமோ, மாணவருக்காகச் செலவிட்ட தொகையில், அவர் பள்ளியில் படிக்கும் மாதம் ஒன்றுக்கு 50 டாலர் வரை அறக்கொடையாகக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. மாணவர் உறவினராக இருக்கக் கூடாது என்பது அக்கழிவுக்கு ஒரு நிபந்தனை. ஒரு பதின்வயதுப் பிள்ளை ஒரு மாதத்தில் குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்யும் வேகத்தை அறிந்தவர்கள் அந்த 50 டாலரைக் கேட்டுச் சிரிக்கவே செய்வர். கூலியும் இல்லாமல், உரிமையும் இல்லாமல், உறவென்று சட்டம் ஒப்புக்கொள்வதும் இல்லாமல் 10 மாதம் நடக்கும் ஒரு வளர்ப்பு, ஊரறிய ஒப்புக்கொள்ளப்படும் ஒரே இடம் வழியனுப்பும் இடம்தான். அந்த வரிசையின் முன்னால் அழுவதற்கு மட்டும் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

வீட்டில் தங்கவைத்து நாட்டைக் கற்பிப்பது என்னும் எண்ணம் 20-ஆம் நூற்றாண்டின் இரு போர்களோடு பிணைந்தது. 1932-இல் டொனால்ட் வாட் என்னும் அமெரிக்கர், எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங் என்று பெயரிட்ட முயற்சியில், அமெரிக்க இளைஞர்களை ஐரோப்பிய இளைஞர்களோடு சுவிட்சர்லாந்தில் முகாமிட வைத்தார். முகாமில் அவரவர் மொழிக்காரரோடு அவரவர் ஒதுங்கிக்கொண்டதைக் கண்டபின், அடுத்தடுத்த ஆண்டுகளில் அவர்களைக் குடும்பங்களுக்குள் அனுப்பத் தலைப்பட்டார். இன்று சுற்றுலாத் துறை பணம் வாங்கிக்கொண்டு விற்கும் ஹோம்ஸ்டே என்னும் சொல், இத்தகைய கூலியற்ற தங்கலைக் குறித்து வளர்ந்த சொல் என்பது பலருக்குத் தெரியாது. மற்றொரு பெரும் அமைப்பான ஏ.எஃப்.எஸ்., அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் என்ற பெயரில் 1915-இல் பிரான்ஸில் காயம்பட்ட படைவீரர்களை ஏற்றிச் சென்ற தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் குழுவாகத் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் இந்திய–பர்மிய எல்லை வரை அவ்வண்டிகள் ஓடின. போர் முடிந்தபின், ஸ்டீபன் கலாட்டியின் தலைமையில், அந்த ஓட்டுநர்கள் வண்டிகளை விட்டுவிட்டுப் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அழைத்துவரும் பணியில் இறங்கினர். 1947-இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்தனர். 1951-இல் 75 ஜெர்மானியப் பதின்வயதினர் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்தது யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங் என்னும் அமைப்பின் தொடக்கம். போர் முடிந்து 6 ஆண்டே ஆகியிருந்த காலத்தில் பகைவர் வீட்டுப் பிள்ளையைத் தம் மேசையில் அமர்த்திச் சோறிட்ட அக்குடும்பங்களின் துணிவு, பிற்காலத்து அரசு உதவித்தொகைத் திட்டங்கள் எதனினும் பெரியது.

ஏ.எஃப்.எஸ். தன் தொடக்க காலத்தில் பிரிவை அமைத்த முறை தனித்துக் குறிப்பிடத்தக்கது. கல்வியாண்டு முடிந்ததும் மாணவர்கள் நேரே தம் நாடு திரும்பவில்லை. தங்கியிருந்த ஊர்களிலிருந்து பேருந்துகளில் ஏற்றப்பட்டு, வழியில் ஊர் ஊராக இறங்கி, ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு வீடுகளில் சில நாள் தங்கி, ஜூலையில் வாஷிங்டனை அடைந்தனர். 1961, 1962, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதிபர் ஜான் கென்னடி வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அவர்களைச் சந்தித்து விடைகொடுத்தார். அக்காலத்தில் ஐரோப்பாவுக்குத் திரும்பியோர் பலர் கப்பலிலேயே சென்றனர். இதனால் பிரிவு ஒரே வீச்சில் விழவில்லை. முதலில் வீடு போயிற்று. பிறகு மாநிலம் போயிற்று. பிறகு நாடு போயிற்று. கடைசியில், அதே வீட்டுப் பிரிவை அனுபவித்த கூட்டாளிகள் துறைமுகம் துறைமுகமாக இறங்கிப் போயினர். வழியில் சில நாள் தங்கிய வீடுகளில் அம்மாணவர்கள் தம் ஏற்புத் தாயைப் பற்றிப் பேசித் தீர்த்திருப்பர் என்று ஊகிப்பதில் தவறில்லை. துயரத்தைத் தவணை முறையில் கொடுத்த அந்தப் பேருந்து, பின்னாளில் உளவியல் அறிந்தோர் வகுத்த பயிலரங்குகள் பலவற்றைவிட நுட்பமான ஏற்பாடு. விமானம் அதனை ஒழித்தது. காலையில் ஏற்பு வீட்டுச் சமையலறையில் நின்ற பிள்ளை மறுநாள் பெற்ற வீட்டுச் சமையலறையில் நிற்கிறது. இடையில் இருந்த கடல் காணாமற்போய்விட்டது.

தவணை முறையின் வேறொரு வடிவம் ரோட்டரி சங்கங்களின் இளைஞர் பரிமாற்றத்தில் எஞ்சியிருக்கிறது. 1927-இல் பிரான்ஸின் நீஸ் நகரச் சங்கம் தொடங்கிய இவ்வழக்கில், ஓராண்டுப் பரிமாற்ற மாணவர் ஒரே வீட்டில் இருப்பதில்லை. பொதுவாக 3 குடும்பங்களில் மாறி மாறித் தங்குகிறார். வெளிநாட்டிலிருந்து வருபவர் இன்பவுண்ட், இங்கிருந்து போகிறவர் அவுட்பவுண்ட், போய்த் திரும்பியவர் ரீபவுண்ட் என்பது அவர்களுக்குள் புழங்கும் பேச்சு. வீடு மாறிய முதல் இரவிலேயே மாணவர் ஏற்புப் பெற்றோரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய வினாக்களின் பட்டியல் ஒன்று அவர் கையில் கொடுக்கப்படுகிறது. உங்களை எப்படி அழைப்பது, அம்மா என்றா, பெயர் சொல்லியா என்னும் வினா அப்பட்டியலின் தலைப்பில் இருக்கும். துணி துவைப்பது யார், குளிக்கும் நேரம் எது, குளிர்பதனப் பெட்டியிலிருந்து கேட்காமல் எடுக்கலாமா என்பன அதன்பின் வரும். பெற்றோரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை நினைத்தும் பார்த்திராத இந்திய மாணவருக்கு அந்த முதல் வினா ஒரு சிறு நிலநடுக்கம். ஆனால் அதற்குக் கிடைக்கும் விடை அந்த ஆண்டு முழுவதையும் தீர்மானிக்கிறது. அன்று இரவு நாவுக்கு வராத ஒரு சொல் அடுத்த ஜூனில் விமான நிலையத்தில் தானாக வந்துவிடுகிறது.

முதல் குடும்பத்திலிருந்து இரண்டாம் குடும்பத்துக்கு மாறும்போது தெருவோ ஊரோதான் மாறுகிறது; கண்டம் மாறுவதில்லை. ஆயினும் அப்போதும் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது, படுக்கையை மடிக்க வேண்டியிருக்கிறது, வாசலில் நின்று ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி இருமுறை பிரிந்து பழகிய மாணவர் இறுதிப் பிரிவைச் சற்று நிதானமாக எதிர்கொள்கிறார் என்பது இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. மூன்று வீட்டுச் சமையலையும் ஒப்பிட்டு மதிப்பெண் இடும் வம்பு இதனால் உண்டாவதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடைசி வாரத்தின் காட்சிகள் எந்த நாடாயினும் ஏறத்தாழ ஒன்றே. பன்னாட்டு விமானங்கள் பலவற்றில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது எல்லை. குளியலறை எடைக் கருவியின் மேல் ஏற்புத் தந்தை முதலில் வெறுங்கையோடும் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டும் ஏறி நின்று, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்துக் கணக்குச் சொல்கிறார். கணக்கு எப்போதும் மிகுதியாகவே வருகிறது. பள்ளி ஆண்டு மலர் கனமானது. அதன் முன்னும் பின்னும் வகுப்புத் தோழர்கள் கையெழுத்திட்டிருப்பதால் அதனை விட்டுச் செல்லவும் முடியாது. ரோட்டரி மாணவருக்கு ஒரு பிளேசர் உண்டு; பிற நாட்டு மாணவர்களோடு மாற்றிக்கொண்ட சின்ன ஊசிகளையும் பட்டைகளையும் அதன் மேல் ஓராண்டாகக் குத்திக் குத்தி, ஜூன் மாதத்தில் அது துணியா கவசமா என்று ஐயுறும்படி ஆகிவிடுகிறது. பெட்டியில் வைத்தால் எடை ஏறும் என்பதால் கோடை வெயிலிலும் அதனை உடுத்துக்கொண்டே விமானம் ஏறுவது அவர்களுக்குள் மரபு. மாறாக, நவம்பரில் ஏற்புத் தாய் கடைக்கு அழைத்துச் சென்று வாங்கித் தந்த பனிக்காலக் கோட்டு, சென்னைக்கோ பாங்காக்குக்கோ திரும்பும் மாணவருக்குப் பயன்படாது. அது வாசலருகே மாட்டிய இடத்திலேயே தங்கிவிடுகிறது. பிள்ளை போனபின் அந்த வீட்டில் முதலில் கண்ணில் படுவது அந்தக் கோட்டுதான்.

இதே வாரத்தில் காரணம் தெரியாத சண்டைகள் மூள்வதும் உண்டு. மேற்படிப்புக்காக வீட்டை விட்டுப் போகவிருக்கும் பிள்ளைகள் புறப்படும் முன் பெற்றோரோடு சிடுசிடுப்பதை அமெரிக்கக் குடும்ப நல ஆலோசகர்கள் கூட்டை அழுக்காக்குதல் என்று குறிப்பிடுகின்றனர். விட்டுப் போவதைப் பொறுத்துக்கொள்வதற்காக, விடப்படும் இடத்தை மனம் தானே வெறுக்கத்தக்கதாக்கிக்கொள்கிறது என்பது அதன் பொருள். பெற்ற வீட்டில் இச்சண்டை அடுத்த விடுமுறைக்குள் ஆறிவிடும். ஏற்பு வீட்டில் அடுத்த விடுமுறை என ஒன்று இல்லாததால், கடைசி வாரத்தில் வீசிய ஒரு கடுஞ்சொல் கடைசிச் சொல்லாகவே நின்றுவிடும் அபாயம் உண்டு. புறப்படும் மாணவருக்கு ஆண்டிறுதிப் பயிலரங்கு நடத்தும் அமைப்புகள், இந்த ஒரு செய்தியை மட்டுமாவது ஏற்புக் குடும்பத்துக்கும் தவறாமல் சொல்லிவைப்பது நல்லது.

என்ன சொல்லிப் பிரிவது என்பது மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ஜப்பானியர் வீட்டிலிருந்து நாள்தோறும் வெளியே கிளம்புபவர் இத்தெகிமஸ் என்பார். வீட்டில் இருப்பவர் இத்தெராஷ்ஷாய் என்பார். முன்னது தமிழர் வாசலில் சொல்லும் போய் வருகிறேன் என்பதற்கும், பின்னது போய் வா என்பதற்கும் சொல்லுக்குச் சொல் ஒத்தவை. வெளியுலகம் ஜப்பானியரின் விடைச்சொல்லாக அறிந்திருக்கும் சயோனாரா வீட்டுக்குள் வழங்குவதில்லை. அது வீட்டாருக்குரிய சொல் அன்று. ஆகவே, ஓராண்டு தங்கிய மாணவர் விமான நிலையத்தில் இத்தெகிமஸ், சயோனாரா ஆகிய இரண்டுள் எதைச் சொல்கிறார் என்பதிலேயே அவர் விருந்தாளியா வீட்டுப் பிள்ளையா என்பது வெளிப்பட்டுவிடுகிறது. போகிறேன் என்று மட்டும் சொன்னால் வாயைக் கழுவச் சொல்லும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

சொல்லாமலே நேர்ந்த பிரிவுகளும் இவ்வரலாற்றில் உண்டு. 1992 அக்டோபர் 17 அன்று, லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் ஏ.எஃப்.எஸ். மாணவராகத் தங்கியிருந்த நகோயா நகரத்து யோஷிஹிரோ ஹத்தோரி, ஏற்புக் குடும்பத்தின் மகனோடு ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் தவறுதலாக வேறொரு வீட்டுக்குச் சென்றதால், அவ்வீட்டுக்காரரால் சுடப்பட்டு இறந்தார். அவருக்கு வயது 16. அதன்பின் பெற்ற பெற்றோரும் ஏற்புப் பெற்றோரும் ஒருவரையொருவர் குறை கூறிப் பிரியவில்லை; துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டி இரு நாடுகளிலும் சேர்ந்து கையெழுத்துத் திரட்டினர். ஜப்பானில் 17 லட்சம் பேருக்குக் குறையாமல் கையெழுத்திட்ட மனுவோடு 1993 நவம்பரில் ஹத்தோரியின் பெற்றோர் அதிபர் பில் கிளின்டனைச் சந்தித்தனர். மகனின் பெயரில் அவர்கள் நிறுவிய நிதியைக் கொண்டு அமெரிக்க மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து தங்கிப் படிக்கின்றனர். மகனை இழந்த நாட்டிலிருந்தே பிள்ளைகளை வரவழைத்த அந்தத் தாய் தந்தையரின் செயலைப் பற்றி எழுத உரைநடைக்கு அதிகம் வேலை இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது ஏ.எஃப்.எஸ். உலகெங்கும் நடந்துகொண்டிருந்த தன் திட்டங்களை நிறுத்தி, மாணவர்களைத் திருப்பியழைத்தது. ஜூனுக்கென்று மனத்தில் ஒத்திகை பார்த்துவைத்திருந்த பிரிவு, சில நாள் அறிவிப்பில், சில சமயம் ஓரிரவில் வந்து நின்றது. பட்டமளிப்பு இல்லை, ஆண்டு மலரில் கையெழுத்து இல்லை. முகக்கவசத்தோடு ஒரு கையசைப்பு, அவ்வளவே.

பிரிவுக்குப் பின் மாணவருக்கு நேர்வது பற்றி ஆராய்ச்சிகள் நிறைய உண்டு. 1955-இல் ஸ்வெர்ரே லீஸ்கோர் என்னும் நார்வே சமூகவியலர், அமெரிக்கா சென்று திரும்பிய தம் நாட்டு ஃபுல்பிரைட் அறிஞர்களை ஆராய்ந்து, அயல்நாட்டில் ஒருவரின் மனநிலை முதலில் உயர்ந்தும், இடையில் தாழ்ந்தும், பின் மீண்டும் உயர்ந்தும் செல்வதாக யு எழுத்து வடிவில் ஒரு வளைவைக் காட்டினார். 1963-இல் கல்லாஹார்ன் இணையர், நாடு திரும்பியபின்னும் அதே ஏற்றத்தாழ்வு மறுமுறை நிகழ்கிறது என்று கூறி அதனை டபிள்யூ வடிவமாக்கினர். திரும்பியவர் சொந்த வீட்டிலேயே அயலாராக உணரும் இந்த இரண்டாம் பள்ளத்துக்கு மீள்வரவு அதிர்ச்சி என்று பெயர். இவ்வளைவுகள் வளர்ந்த அறிஞர்களை வைத்து வரையப்பட்டவை என்பதால், ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் இடம் பிடித்து அதனை இழந்த 16 வயதுப் பிள்ளைக்கு அவற்றை அப்படியே பொருத்துவது சரியாகாது. அதற்கு நெருக்கமாக வருவது ஆல்ஃப்ரெட் ஷூட்ஸ் 1945-இல் போர்வீரர்களின் வீடு திரும்பலைப் பற்றி எழுதிய வீடு திரும்புபவர் என்னும் கட்டுரை. 20 ஆண்டு கழித்து இதாக்காவில் கரை சேர்ந்த ஒடிசியஸ் அது தன் ஊர் என்று அறியாமல் திகைத்ததிலிருந்து அது தொடங்குகிறது. போனவர் மாறியிருக்கிறார், இருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள், இரு தரப்பாரும் மற்றவர் அப்படியே இருப்பதாக எண்ணுகிறார்கள் என்பது அவர் வாதம். நாஜிகளின் ஆதிக்கத்தால் வியன்னாவை விட்டு வெளியேறியவர் எழுதியது என்பதால் அக்கட்டுரைக்குக் கூடுதல் கனம்.

ஏற்புக் குடும்பத்துக்கு இவ்வாறு ஒரு வளைவை யாரும் வரைந்து புகழ்பெறவில்லை. ஓராண்டாக அண்ணன் என்று ஒருவனைக் கொண்டாடிய 8 வயதுச் சிறுவனுக்கு, அவன் ஏன் போக வேண்டும் என்பதை விசாப் படிவத்தைக் காட்டி விளக்க முடியாது. கைப்பேசி இத்துயரைக் குறைத்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். கடிதம் வர மூன்று வாரமான காலத்தோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். ஆனால் அதே கைப்பேசி, பரிமாற்ற ஆண்டு முழுவதும் மாணவரைப் பெற்ற வீட்டோடு கட்டிவைத்து, ஏற்பு வீட்டில் வேர் விடுவதைத் தடுக்கிறது என்பதால், பெற்ற வீட்டோடு அடிக்கடி பேச வேண்டாம் என்று அமைப்புகள் மாணவருக்கு அறிவுறுத்துகின்றன. முதல் மாதத்தில் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாரோ, அவ்வளவுக்குக் கடைசி நாளில் அழுவார் என்று கணக்கிடலாம் போலும்.

இன்று இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் இவ்வாறு செல்கின்றனர். ரோட்டரி மாவட்டங்கள் அனுப்புவோர் ஒருபுறம். 2002-இல் செனட்டர்கள் எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் ஆகியோர் பெயரால் அமெரிக்க அரசு தொடங்கிய யெஸ் என்னும் உதவித்தொகைத் திட்டத்தில் செல்வோர் மறுபுறம். திரும்பி வரும் பிள்ளையை வரவேற்க விமான நிலையத்தில் நிற்கும் பெற்றோருக்கு, வேறொரு வாசலில் அப்போதுதான் ஒரு குடும்பம் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறது என்பது நினைவுக்கு வருவதில்லை. பட்டுப்புடவையையும் வெள்ளிக் குங்குமச்சிமிழையும் பிள்ளையின் பெட்டியில் போகும்போதே வைத்தனுப்பியதோடு கடன் தீர்ந்ததாக எண்ணுவது வழக்கமாக இருக்கிறது.

அப்பிள்ளை வந்து இறங்கிய வாரத்திலேயே, பெற்ற தாய் அந்த வீட்டுக்குத் தன் கைப்படக் கடிதம் ஒன்று எழுதுவாராக. மொழி தெரியாவிட்டால் தமிழிலேயே எழுதிப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லலாம். எழுதும் முன், அங்கே அவர்களை என்ன சொல்லி அழைத்தாய் என்று பிள்ளையிடம் கேட்டு, அந்த முறைப்பெயரையே கடிதத்தின் முதல் வரியில் இடுக.